நின்ற வண்டியில் ஒரு சத்தம்

ஹைதராபாத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஓர் ஐ.டி. கம்பெனியின் கண்ணாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. 2004 என்று நினைவு. ஊரே கம்ப்யூட்டர் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, நான் நாச்சாரத்தில் மோட்டார் தயாரிக்கும் ஒரு சின்ன ஃபேக்டரியில் சட்டையில் கிரீஸ் கறையோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். சைனிக்புரியில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீட்டு மாடியில் நான், என் மனைவி, ஆறு வயது மகள் என மூன்று பேரும் வாடகைக்கு இருந்தோம்.

என் வேலை என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நான் செய்த முட்டாள்தனத்தின் முழு அளவு உங்களுக்குப் புரியாது. தயாராகி வரும் மோட்டார்களைக் கடைசியாக ஓட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. அதற்கு மீட்டர்கள் எல்லாம் இருந்தன. ஆனால் நான் நம்பியது ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரைத்தான். அதன் முனையை ஓடுகிற மோட்டாரின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டால், உள்ளே பேரிங் எப்படிச் சுற்றுகிறது என்று தெரிந்துவிடும். மீட்டர் சரி என்று சொன்ன மோட்டாரை நான் வேண்டாம் என்று ஒதுக்கி, பிரித்துப் பார்த்தால் நான் சொன்ன இடத்திலேயே கோளாறு இருக்கும். ஃபேக்டரியில் எனக்குப் பெயரே 'கான்வாலே சாப்'. காதுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு துக்கம் நடந்தது. இரண்டாவது குழந்தை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதிகம் பேசவில்லை. சமைப்பாள், மகளுக்குத் தலை பின்னுவாள், பள்ளிக்கு அனுப்புவாள், பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். அவளைக் கொஞ்சம் வெளியே அழைத்துப் போகலாமே என்றுதான் பழைய கார் ஒன்று வாங்கினேன். வேலைக்காக அமெரிக்கா கிளம்பிக்கொண்டிருந்த ஒரு ஐ.டி.காரர் கொடுத்தது. அவருக்கு விமானம் பிடிக்கிற அவசரம். சாவியைக் கையில் திணித்தவர், வண்டியைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் மாலை நான் வேலையிலிருந்து வந்து, வண்டியைப் போர்ட்டிகோவில் நிறுத்திவிட்டு, மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் இருந்தவள் கேட்டாள்.

"ஏனுங்க, வண்டிய அணைச்சுட்டுத்தானுங்க வந்தீங்க?"

"அணைக்காம வருவனா? சாவி இதோ இருக்குது பாரு."

"அப்புறம் என்னங்க சத்தம் அது? ஙொய்யுனு... காதுகிட்டக் கொசு சுத்தறாப்பல."

நான் கீழே போய் வண்டியைச் சுற்றி வந்தேன். ஒரு சத்தமும் இல்லை. பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து ரேடியேட்டர் ஃபேன், வைப்பர் மோட்டார் என்று ஒவ்வொன்றின் மேலும் வைத்து எலும்பில் அழுத்திக் கேட்டேன். எல்லாம் செத்த பாம்பாகக் கிடந்தன. மேலே ஜன்னலைப் பார்த்து, "ஒண்ணுமில்ல அம்மிணி" என்று கத்தினேன். "இப்பவும் வருதுங்களே" என்றாள் அவள்.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் ஆனதும் வருகிறதாம், கொஞ்ச நேரம் கழித்து நிற்கிறதாம், மறுபடியும் வருகிறதாம். மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் நாங்கள் தமிழில் கேட்பதற்குத் தெலுங்கில் பதில் சொல்லும் வகை. "அவுனு அப்பா, ஒஸ்துந்தி" என்றாள். ஆமாம், வருகிறது என்று. அம்மா சொல்வதைப் பிள்ளை திருப்பிச் சொல்கிறது என்று அதையும் தள்ளிவிட்டேன். நியாயமான சாட்சி வேண்டுமே என்று வீட்டுக்காரரை அழைத்தேன். எழுபது வயது, பீரங்கிப் படையில் இருந்தவர். நாங்கள் இருவரும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் மூச்சை அடக்கி நின்றோம். அவர் நிமிர்ந்து, "ஒன்றுமே இல்லை" என்று ஆங்கிலத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார். இருபது வருடம் பீரங்கிப் பக்கத்தில் நின்றவரிடம் போய்ச் சாட்சி கேட்டிருக்கிறேன் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவே இல்லை.

எனக்குக் கேட்காத சத்தம் ஒன்று இருக்கக்கூடும் என்றே நான் நினைக்கவில்லை. மிச்சம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. குழந்தை போன துக்கம் அவள் மனதை ஏதோ செய்துவிட்டது.

அதை நான் அவளிடம் நேராகச் சொல்லவில்லை. மற்ற எல்லோரிடமும் சொன்னேன். அவள் அம்மாவுக்குப் போன் செய்து, "இல்லாத சத்தமெல்லாம் கேக்குதுங்கறாளுங்க அத்தை" என்றேன். அவள் அண்ணனிடம் சொன்னேன். வீட்டுக்காரரின் மனைவியிடமும் சொன்னேன், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பயம்தான். ஆனால் அதன் பிறகு அவளிடம் எல்லோரும் ஒரு மாதிரி மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். அது அவளுக்குப் புரியாமல் இருக்குமா?

ஒருநாள் மாலை ஜன்னலைச் சாத்திவிட்டு, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பஞ்சை எடுத்தாள்.

"எனக்குத்தான் ஏதோ ஆயிப்போச்சுங்களா? நெசமாலுமே கேக்குதுங்க. ஆனா உங்க காதுக்குக் கேக்காதது எனக்கு எப்படிங்க கேக்கும்?"

அன்றைக்கு அவள் கண்ணில் இருந்த பயத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. "டாக்டரப் பார்க்கலாம் கண்ணு, எல்லாம் சரியாயிரும்" என்றேன். அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு சத்தத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை. குணமாகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் ஒரு தெலுங்கு அம்மா. மிகவும் மெல்லிய குரல். என்னிடமும் அவளிடமும் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார். மனைவி பதில் சொல்வதற்கு முன்னால் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் ஒருமுறை சொல்லிக்கொண்டாள். "எத்தன நாளா இருக்குதுன்னு கேக்கறாங்க... மூணு மாசமா." "தூக்கம் வருதான்னு கேக்கறாங்க... சுமாரா வருது." எனக்கு எரிச்சலாக இருந்தது. இது வீட்டிலும் அவளிடம் நான் கவனித்த பழக்கம். கடைக்காரர் ஏதாவது சொன்னால் அதைத் திருப்பிச் சொல்வாள். பள்ளியில் டீச்சர் சொன்னதை அங்கேயே திருப்பிச் சொல்வாள். கெட்டிக்காரன் இல்லையா நான், அதையும் நோயோடு சேர்த்துவிட்டேன். "இன்னொரு விஷயம் டாக்டர்" என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்து சொன்னேன். "கொஞ்ச நாளாக யார் எதைச் சொன்னாலும் இவள் அதைத் திரும்பச் சொல்கிறாள்."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். மனைவி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்து தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். 

மாத்திரை எழுதித் தந்தார்கள். கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்து வரட்டும் என்று முடிவானது. டாக்டரும் நானும் அவள் வீட்டாரும் பேசி முடிவு செய்தோம், அவளை யாரும் கேட்கவில்லை. மகளுக்குப் பள்ளி இருக்கிறது, அதனால் அவள் என்னோடு இருக்கட்டும் என்பதும் எங்கள் ஏற்பாடுதான். அண்ணன் வந்து அழைத்துப் போவதாகத் திங்கட்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. எப்போது திரும்பி வருவது என்பது யாருக்கும் தெரியாது. பெட்டியில் புடவைகளை அடுக்கும்போது அவள் மகளின் பழைய ஸ்வெட்டர் ஒன்றையும் எடுத்து அடியில் வைத்ததைப் பார்த்தேன். பார்க்காததுபோல் வெளியே வந்துவிட்டேன்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை. மதியத்தோடு வேலை முடிந்துவிடும். ஊருக்குக் கொண்டுபோக ஏதோ வாங்க வேண்டும் என்று மனைவியும் மகளும் என்னோடு கிளம்பினார்கள். வழியில் வண்டியின் பேட்டரியைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மாதமாகக் காலையில் வண்டி கிளம்புவதே இல்லை, வீட்டுக்காரர் வேறு சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. பேட்டரி கிழடாகிவிட்டது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். நாச்சாரத்தில் எங்கள் ஃபேக்டரிக்குப் பக்கத்துச் சாலையில் கார் எலெக்ட்ரீஷியன் ஒருவரின் கடை. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. ஒரு ஆட்டோவின் அடியில் படுத்திருந்தவர், பத்து நிமிடம் என்று கையைக் காட்டினார். நான் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு வேப்பமர நிழலில் நின்றேன். மனைவியும் மகளும் வண்டிக்குள் இருந்தார்கள்.

ஆட்டோ வேலை முடிந்து கையைத் துடைத்தபடி வந்தவர், வண்டிக்கு நாலடி தள்ளி இருக்கும்போதே தலையைச் சாய்த்தார்.

"சாப், யே ஆவாஜ் கைக்கு ஆரா?"

இந்தச் சத்தம் ஏன் வருகிறது என்கிறார். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. என்ன சத்தம் என்று கேட்டேன். "யஹீச் நா, மச்சர் கே ஜைசா" என்றார். கொசு மாதிரி.

கதவு திறந்தது. மனைவி இறங்கி ஓடி வந்தாள். அவளுக்கு இந்தி அரைகுறைதான்.

"பாய் சாப், ஆப்கோ... உங்களுக்குக் கேக்குதா? சச்சி கேக்குதா?"

"ஹவ் மேடம், ஆரா நா" என்றார் அவர், இதில் என்ன அதிசயம் என்பதுபோல். அவள் மறுபடியும் கேட்டாள். அவர் மறுபடியும் ஆமாம் என்றார். மூன்றாவது முறை கேட்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மகளைத் தூக்கிக் கன்னத்தில் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். ஒரு கொசுச் சத்தத்துக்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷியை நான் பார்த்ததில்லை.

எலெக்ட்ரீஷியன் குனிந்து, இடதுபக்க ஹெட்லைட்டுக்குப் பின்னால் கையை விட்டு, ஒயர்களோடு ஒரு கறுப்பு டப்பாவை வெளியே இழுத்தார். சின்ன டம்ளர் அளவு இருந்தது. பழைய சொந்தக்காரர் வைத்த திருட்டு அலாரமாம். அலறுவதற்கென்று அதற்குள்ளேயே தனியாக ஒரு குட்டி பேட்டரி உண்டு, அது கசிந்து வீணாகிவிட்டது என்றார். எஞ்சினை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆனதும், யாரோ ஒயரைப் பிடுங்குகிறார்கள் என்று நினைத்து அலாரம் கத்தப் பார்க்கிறது. கத்த வலு இல்லாமல் முனகுகிறது. இரவெல்லாம் முனகிப் பெரிய பேட்டரியையும் குடித்துவிடுகிறது. அவ்வளவுதான் சங்கதி.

பார்க்கச் சொல்லி அதை என் கையில் வைத்தார்.

அது என் உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டிருந்தது. சின்னச் சின்னதாக, விடாமல் அதிர்ந்தது. ஆனால் எனக்கு எதுவும் கேட்கவில்லை. இடது காதில் வைத்தேன். ஒன்றுமில்லை. வலது காதில் ஒட்டி வைத்து அழுத்தினேன். எங்கோ ரொம்ப தூரத்தில் நூல் இழுப்பதுபோல் என்னவோ இருந்தது. அது கேட்டதா, கேட்டதாக நானே நினைத்துக்கொண்டேனா என்று சொல்லத் தெரியவில்லை. எதிரே இருந்த எலெக்ட்ரீஷியன் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஆப்கூ நை சுனாரா சாப்?" என்றார். உங்களுக்குக் கேட்கவில்லையா?

டப்பாவை மறுபடியும் இடது காதுக்குக் கொண்டுபோனேன். 

மனைவி மகளைக் கீழே இறக்கிவிட்டாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. என் பக்கத்தில் வந்து அந்த டப்பாவை என் கையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டாள். தன் காதருகே ஒரு நொடி வைத்துப் பார்த்தாள்.

"நின்னுருச்சுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவரிடம் திரும்பினாள். "பந்த் ஹோகயா பாய் சாப். இப்பச் சத்தம் வரல."

எலெக்ட்ரீஷியன் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நல்ல மனிதர். "ஹவ் மேடம், பந்த் ஹோகயா" என்று சொல்லிவிட்டுக் கத்திரியை எடுத்து ஒயரை வெட்டினார்.

சத்தம் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் என் கையிலிருந்து எடுத்த கடைசி நொடி வரைக்கும் அது அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. மூன்று மாதம் பைத்தியம் என்று பேர் வாங்கிய பெண், அந்தப் பேர் போன ஐந்தாவது நிமிடத்தில், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் என் தலை குனியக்கூடாது என்று பொய் சொன்னாள்.

 வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"உனக்கு எப்ப இருந்து தெரியும்?"

 "ஒண்ணரை வருஷம் இருக்குமுங்க" என்றாள். "மொதல்ல பாப்பா கூப்பிடறது உங்களுக்குக் கேக்கல. அப்புறம் போன் மணி. மெதுவாப் பேசறவங்க பேசினா எதுவுமே கேக்காது, நீங்க சும்மா தலையாட்டுவீங்க."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிங்க சொல்றது? உங்க பொழப்பே காதுலதானுங்களே இருக்குது. ஆனா வண்டிச் சத்தத்துக்கு மட்டும் இது என் நெனப்புலயே வரலீங்க. மோட்டாருக்குள்ள இருக்கறதே கேக்கற மனுசனுக்கு இது கேக்காமப் போகுமான்னு, நானும் என்னையத்தான் சந்தேகப்பட்டேன்."

அப்போதுதான் எனக்கு அந்த டாக்டரின் அறை ஞாபகம் வந்தது. மெல்லிய குரலில் பேசிய அந்த அம்மாவின் கேள்விகளை அவள் யாருக்காகத் தமிழில் சொன்னாள் என்பதும் புரிந்தது. கடையிலும் பள்ளியிலும் யாருக்காகத் திருப்பிச் சொன்னாள் என்பதும் புரிந்தது. எனக்குக் காதாக இருந்தவளை நோயாளி நாற்காலியில் உட்கார வைத்து, அவள் செய்த அந்த உதவியையே நோய் என்று டாக்டரிடம் சொல்லி எழுத வைத்திருக்கிறேன். அப்போதும் அவள் வளையலைத் திருகிக்கொண்டு சும்மா இருந்தாள். நான் அன்று மகள் இருப்பதையும் மறந்து வாய்விட்டு அழுதேன்.

அன்று மாலையே போனை எடுத்து உட்கார்ந்தேன். யார் யாரிடம் அவளைப் பற்றிச் சொன்னேனோ அவர்கள் எல்லோரிடமும், ஒருவர் விடாமல், "சத்தம் இருந்துச்சுங்க, எனக்குத்தான் கேக்கல" என்று சொன்னேன். மாமியாரிடமும் அதையே சொன்னேன். "அதுக்கென்னங்க மாப்பிள்ளை, விடுங்க" என்றார் அவர். எதற்கு என்னைத் திட்டாமல் விட்டார் என்று இன்றும் யோசிப்பேன். பத்து நாள் கழித்து டாக்டரிடமும் போய் இதையே சொன்னோம். அவர் மாத்திரையை நிறுத்திவிட்டு, என்னைக் காது டாக்டரிடம் அனுப்பினார். ஃபேக்டரியின் டெஸ்டிங் மேடையில் காதுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நின்ற வருடங்கள், மெல்லிய சத்தங்களை எல்லாம் அரித்துத் தின்றுவிட்டன என்று தெரிந்தது. ஸ்க்ரூடிரைவரில் வரும் தடித்த சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்ததால், எனக்குச் சந்தேகமே வரவில்லை. முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார். பயந்த அளவுக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை ரயில் டிக்கெட்டை ரத்து செய்யலாம் என்று சனிக்கிழமை இரவே சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள். "எல்லாரும் போலாமுங்க. ஒரு வாரம். விருந்தாளியாட்டப் போலாம்." அண்ணனை வர வேண்டாம் என்று சொல்லி, பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு மூன்று பேரும் போனோம். குழந்தையை இழந்த துக்கத்தை அவள் முதல்முறையாக வாய்விட்டுப் பேசியது அந்த ரயிலில்தான். அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். "இந்தப் பக்கம் வாங்க" என்று என்னை எழுப்பி, ஓரளவு கேட்கிற என் வலது காது அவள் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

இப்போது இரண்டு காதிலும் மிஷின் மாட்டியிருக்கிறேன். மகள் பெரியவளாகிப் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. என்னிடம் பேசுவதற்கு முன்னால் என் கையை லேசாக ஒருமுறை தொட்டுவிட்டு, நான் திரும்பிப் பார்த்த பிறகுதான் பேசுவாள். பிள்ளைக்கு என் மேல் எவ்வளவு பாசம் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் விளையாட்டாகக் கேட்டபோதுதான் சொன்னாள். ஐந்து வயதில் அம்மா கற்றுக் கொடுத்ததாம். அப்பாக்களிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்று வெகு நாள் வரைக்கும் நினைத்திருந்தாளாம்.

எனக்கு இப்போது நன்றாகக் கேட்கிறது, நீ தொட வேண்டியதில்லை என்று அவளிடம் சொல்லலாம்தான். சொல்ல மனம் வரவில்லை. அந்த விரல் என் கையில் படுகிற ஒவ்வொரு தடவையும், என் குறையை எனக்குக்கூடத் தெரியாமல் மூடி வைத்தவளுக்கு இல்லாத குறை ஒன்று இருப்பதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான் என்பது ஞாபகம் வருகிறது. அந்த ஞாபகம் எனக்கு வேண்டும்.